மருத்துவர் பதில்கள்: சிறுநீர்த் தொற்றும் செப்சிஸும்

சிறுநீர்த் தொற்றால் தீவிர சிகிச்சைப் பிரிவுவரை சென்று திரும்பிய உறவினர்களைப் பற்றி வாசகர்கள் எழுதும் கடிதங்கள் தொடர்ந்து வருவதால், இந்த இதழின் பகுதி முழுவதும் அந்தப் பொருளுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. ஒரே மாதிரியான கடிதங்கள் சேர்த்துச் சுருக்கப்பட்டுள்ளன.

கேள்வி: என் தாயாருக்கு 68 வயது, நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. சிறுநீர் கழிக்கும்போது கடுக்கிறது என்று இரண்டு நாட்கள் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் காலையில் என்னையே யார் என்று கேட்டார். காய்ச்சல் துளிகூட இல்லை. மருத்துவமனையில் ‘யூரோசெப்சிஸ்’ என்று சொல்லி ஐ.சி.யூ.வில் சேர்த்தார்கள். வெறும் நீர்க்கடுப்பு இந்த அளவுக்குப் போகுமா?

பதில்: போகும். சிறுநீர்த் தொற்றிலிருந்து வரும் செப்சிஸைத்தான் யூரோசெப்சிஸ் என்கிறோம். சிறுநீர்ப்பையோடு நின்றுவிடும் தொற்று எரிச்சலும் கடுப்பும் தந்து, உரிய மருந்தில் சில நாட்களில் அடங்கிவிடும். அதே கிருமி மேலேறிச் சிறுநீரகத்தை அடைந்துவிட்டால் நிலைமையே வேறு. இதயம் வெளியேற்றும் ரத்தத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சிறுநீரகங்களின் வழியாகத்தான் பாய்கிறது. ஆகவே அங்கே குடியேறிவிட்ட கிருமிக்கும், அது வெளியிடும் நச்சுப்பொருளுக்கும், ரத்த ஓட்டத்தில் கலப்பதற்கு அதிகத் தூரம் போக வேண்டியதில்லை. பெரும்பாலான நோயாளிகளிடம் இதற்குக் காரணமாக இருப்பது ஈ.கோலை என்ற பாக்டீரியா. நம் குடலில் தொல்லை தராமல் வாழும் இந்தக் கிருமியின் சில வகைகளுக்கு மெல்லிய இழைகள் உண்டு. அவற்றால் சிறுநீர்ப்பாதையின் உட்சுவரைப் பற்றிக்கொண்டு, சிறுநீரின் வேகத்தில் அடித்துச் செல்லப்படாமல் அது மேலே ஏறுகிறது. கிளெப்சியெல்லா, புரோட்டியஸ், சூடோமோனாஸ், என்டரோகாக்கஸ் ஆகியவையும் காரணமாகலாம்.

ரத்தத்தில் கிருமி கலந்துவிட்டாலே செப்சிஸ் என்று பலர் எண்ணுகிறார்கள். 2016-ஆம் ஆண்டு வெளியான சர்வதேச வரையறையின்படி, தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுக்குலைந்துபோய், அதனால் உறுப்புகளின் செயல்பாடு உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குக் கெடுவதுதான் செப்சிஸ். ரத்த நாளங்கள் விரிந்து தளர்கின்றன, அவற்றின் சுவர்களின் வழியே நீர் கசிகிறது, ரத்த அழுத்தம் இறங்குகிறது, நுண்ணிய நாளங்களில் ரத்தம் உறைகிறது. மூளை, நுரையீரல், சிறுநீரகம், கல்லீரல் என்று ஒவ்வொன்றும் போதிய ரத்தமின்றித் தடுமாறுகிறது. ரத்தக் கல்ச்சரில், அதாவது ரத்தத்தை ஆய்வகத்தில் வைத்துக் கிருமியை வளர்த்துப் பார்க்கும் சோதனையில், கிருமி எதுவும் வளராத செப்சிஸ் நோயாளிகளும் கணிசமாக இருக்கிறார்கள்.

உங்கள் தாயாருக்குக் காய்ச்சல் வராததில் வியப்பில்லை. முதியவர்களுக்கும் நெடுநாள் சர்க்கரை நோயாளிகளுக்கும், ஸ்டீராய்டு மாத்திரை உட்கொள்பவர்களுக்கும் உடல் வெப்பத்தை ஏற்றிக் காட்டும் திறன் குறைந்துவிடுகிறது. வெப்பம் 36 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறங்குவது, காய்ச்சலைவிட மோசமான அறிகுறியாகவே கருதப்படுகிறது. மேலும் நீண்டகாலச் சர்க்கரை நோய் சிறுநீர்ப்பையின் நரம்புகளைப் பாதிப்பதால், சிறுநீர் முழுமையாக வெளியேறாமல் தேங்குகிறது. தேங்கும் சிறுநீரில் கிருமிகள் வளர்வதற்குத் தடையே இல்லை. அன்று காலை அவர் உங்களை யாரென்று கேட்டதைத்தான் முதல் அபாய அறிவிப்பாகக் கொள்ள வேண்டும். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றது சரியான முடிவு.

கேள்வி: சாதாரண சிறுநீர்த் தொற்றா, ஆபத்தானதா என்பதை வீட்டில் இருப்பவர்கள் எப்படி உணர்வது? தெர்மாமீட்டரும் பி.பி. கருவியும் வீட்டில் உள்ளன.

பதில்: அந்த இரண்டு கருவிகளைவிட உங்கள் கண்களும் ஒரு கடிகாரமும் அதிகம் உதவும் என்பது என் கருத்து.

முதலில் மூச்சை எண்ணுங்கள். நோயாளியிடம் சொல்லிவிட்டு எண்ணினால் அவர் தம்மையறியாமல் மூச்சை மாற்றிக்கொள்வார். ஆகவே நாடி பார்ப்பதுபோல் மணிக்கட்டைப் பிடித்தபடி, மார்போ வயிறோ எழுந்து தாழ்வதை ஒரு நிமிடம் முழுவதும் எண்ணுங்கள். பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 22 அல்லது அதற்கு மேல் இருந்தால், நுரையீரலில் எந்தக் கோளாறும் இல்லாவிட்டாலும், அது கவலைக்குரிய எண். ரத்தத்தில் அமிலம் கூடும்போது அதை ஈடுகட்ட உடல் மூச்சின் வேகத்தைக் கூட்டுகிறது. ரத்த அழுத்தம் இறங்குவதற்கு முன்பே இந்த மாற்றம் தென்படுவது உண்டு.

அடுத்தது நினைவும் பேச்சும். சம்பந்தமில்லாமல் பேசுவது, நாள் கிழமை குழம்புவது, வழக்கத்துக்கு மாறாகத் தூங்கி வழிவது, எழுப்பினால் கண் திறந்து மீண்டும் அயர்ந்துவிடுவது ஆகிய எல்லாம் கணக்கில் சேரும். மூன்றாவது, சிறுநீரின் அளவு. அரை நாளுக்கு மேலாக அவர் சிறுநீர் கழிக்கவே இல்லை என்றால், அல்லது மிகக் கொஞ்சமாக அடர்ந்த நிறத்தில் மட்டுமே வருகிறது என்றால், சிறுநீரகத்துக்குப் போதிய ரத்தம் போகவில்லை, அல்லது பாதை அடைபட்டிருக்கிறது. இரண்டுமே வீட்டில் வைத்துப் பார்க்கக்கூடியவை அல்ல.

குளிர் நடுக்கத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். லேசாகக் குளிர்வதும், போர்வை போர்த்தியும் பற்கள் கிட்டிக்கொண்டு கட்டிலே ஆடும்படி உடல் தூக்கிப்போடுவதும் ஒன்றல்ல. இரண்டாவது வகை நடுக்கம், கிருமிகள் ரத்தத்தில் இறங்கியிருப்பதை வலுவாகச் சுட்டுகிறது. விலாவுக்குக் கீழே முதுகுப்புறம் ஒரு பக்கமாக வலி, வாந்தி, இந்த நடுக்கம் ஆகியவை சேர்ந்துவிட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தோலையும் பாருங்கள்: கை கால்கள் சில்லிட்டு, முழங்காலைச் சுற்றித் திட்டுத்திட்டாக நிறம் மாறியிருக்கலாம். விரல் நகத்தை 5 விநாடி அழுத்திவிட்டு விட்டால், வெளுத்த இடம் 3 விநாடிக்குள் பழைய நிறத்துக்குத் திரும்ப வேண்டும். திரும்பாவிட்டால் ரத்த ஓட்டம் மந்தமாகியிருக்கிறது.

பி.பி. கருவியைப் பொறுத்தவரை, மேல் அளவு 100 அல்லது அதற்குக் கீழே என்றால் அவசரம் என்பது பொதுவிதி. ஆனால் எப்போதும் 150 காட்டும் ஒருவருக்கு இன்று 110 காட்டினால் ‘நார்மல்தானே’ என்று ஆறுதல் அடைந்துவிடாதீர்கள்; அவருடைய உடலுக்கு அது பெரிய வீழ்ச்சி. இதயத்துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு நாடி வேகம் கூடாமலே செப்சிஸ் முற்றிவிடலாம். பாராசிட்டமால் கொடுத்தபின் காய்ச்சல் இறங்கியதையும் நோய் இறங்கியதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. மேற்சொன்ன எண்கள் இருந்தால் ஆபத்து. அவை இல்லாததால் ஆபத்து இல்லை என்று முடிவுகட்டிவிட முடியாது.

அவசரப் பிரிவில் என்ன சொல்கிறீர்கள் என்பதும் முக்கியம். ‘காய்ச்சல், அசதி’ என்று மட்டும் சொல்லி வரிசையில் உட்காராமல், ‘சிறுநீர்த் தொற்று இருந்தது, இன்று காலையிலிருந்து குழப்பமாகப் பேசுகிறார், மூச்சு வாங்குகிறது, செப்சிஸாக இருக்குமோ என்று அஞ்சுகிறோம்’ என்று தயக்கமின்றிச் சொல்லுங்கள்.

கேள்வி: ரத்தப் பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே என் சகோதரருக்கு வீரியமான ஆன்டிபயாடிக்கை ஊசி வழியாக ஏற்றினார்கள். இரண்டு நாள் கழித்து அதை மாற்றினார்கள். முதல் மருந்து தவறா? கிருமி என்னவென்று அறிந்துகொண்டே மருந்து கொடுத்திருக்கலாமே?

பதில்: கல்ச்சரில் கிருமி வளர்ந்து, எந்த மருந்துக்கு அது அடங்கும் என்று தெரியவர இரண்டு மூன்று நாட்கள் ஆகும். செப்சிஸ் அதுவரை காத்திருக்காது. செப்சிஸால் ரத்த அழுத்தம் ஆபத்தாகத் தாழ்ந்துவிடும் செப்டிக் ஷாக் என்னும் அதிர்ச்சி நிலை இருந்தாலோ, செப்சிஸ்தான் என்பது ஏறக்குறைய உறுதியானாலோ, ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்று 2021-ஆம் ஆண்டின் சர்வதேச வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. ஷாக் இல்லை, செப்சிஸ்தானா என்பதும் ஐயமாக இருக்கிறது என்றால், வேகமாகப் பரிசோதித்து, ஐயம் நீங்காத நிலையில் 3 மணி நேரத்துக்குள் தொடங்கலாம். ஆகவே முதல் மருந்து ஊகத்தின் அடிப்படையிலானது. அந்த ஊகத்துக்குப் பின்னால் கணக்கு உண்டு. அந்த மருத்துவமனையில் எந்தக் கிருமிகள் எந்த மருந்துகளுக்குப் பணியவில்லை என்ற பதிவு, நோயாளி அண்மையில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகள், முந்தைய கல்ச்சர் முடிவுகள், சிறுநீரகத்தின் நிலை ஆகியவற்றை வைத்து செஃப்ட்ரியாக்சோன், பிப்பராசிலின்-டாசோபாக்டம், மெரோபெனம், அமிக்காசின் போன்றவற்றில் ஒன்றோ இரண்டோ தேர்வாகும்.

மருந்து ஏறுவதற்கு முன் ரத்தமும் சிறுநீரும் கல்ச்சருக்கு எடுக்கப்பட்டாக வேண்டும். பொதுவாக இரண்டு இடங்களில் குத்தி ரத்தம் எடுப்பார்கள். ஏற்கெனவே சோர்ந்து கிடப்பவரை மறுபடியும் குத்துகிறார்களே என்று உறவினர்கள் கோபப்படுவதைப் பார்த்திருக்கிறேன். ஒரு குப்பியில் மட்டும் வளரும் கிருமி தோலிலிருந்து ஒட்டி வந்ததா, உண்மையில் ரத்தத்தில் இருந்ததா என்பதைப் பிரித்தறிய இரண்டாவது குப்பி தேவைப்படுகிறது. மருந்து ஏறியபின் எடுத்தால் கிருமி வளராமலேயே போகலாம். அப்போது மருந்தை மாற்றுவதற்கான ஆதாரமும் கைநழுவிவிடும். உங்கள் சகோதரருக்கு மருந்தை மாற்றியது அந்த ஆதாரம் கிடைத்ததால்தான். பரந்த வீச்சுள்ள மருந்திலிருந்து, அந்தக் கிருமிக்கு மட்டும் போதுமான மருந்துக்கு இறங்குவது நல்ல மருத்துவத்தின் அடையாளம்.

ஆன்டிபயாடிக் சிகிச்சையின் ஒரு பகுதிதான். ரத்த அழுத்தம் தாழ்ந்திருந்தாலோ திசுக்களுக்குப் போதிய ரத்தம் போகாதபோது ரத்தத்தில் ஏறும் லாக்டேட் என்ற பொருளின் அளவு கூடியிருந்தாலோ, உடல் எடையில் கிலோவுக்கு 30 மில்லி என்ற அளவை ஒட்டி முதல் 3 மணி நேரத்துக்குள் சலைன் வகைத் திரவம் ஏற்றப்படும். 60 கிலோ எடை உள்ளவருக்கு இது 1.8 லிட்டர். இதய பலவீனமோ சிறுநீரகச் செயலிழப்போ உள்ளவர்களுக்குக் கவனமாக, பார்த்துப் பார்த்து ஏற்ற வேண்டியிருக்கும். அப்படியும் அழுத்தம் ஏறாவிட்டால் நார்அட்ரினலின் என்ற மருந்தைத் தொடர்ச்சியாகச் செலுத்தி, மேல் அளவையும் கீழ் அளவையும் வைத்துக் கணக்கிடும் சராசரி ரத்த அழுத்தம் 65-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்வார்கள். சிறுநீர்க் குழாயில் இணைத்த பையை ஒவ்வொரு மணி நேரமும் செவிலியர் குனிந்து பார்த்துக் குறித்துக்கொள்வதைக் கவனித்திருப்பீர்கள். கிலோவுக்கு அரை மில்லியாவது ஒரு மணி நேரத்தில் சேர வேண்டும். அந்தக் குறிப்பேட்டைப் பார்த்தாலே நோயாளி தேறுகிறாரா என்பது பாதி தெரிந்துவிடும்.

கேள்வி: என் கணவருக்குச் சிறுநீரகக் குழாயில் கல். கடும் காய்ச்சலோடு சேர்த்தோம். மருந்து போட்டும் குறையவில்லை. பிறகு ஒரு குழாய் வைத்தார்கள். மறுநாளே காய்ச்சல் இறங்கியது. ஆனால் கல்லை எடுக்கவே இல்லை. மயக்க மருந்து கொடுத்ததுதான் கொடுத்தார்கள், கல்லையும் எடுத்திருக்கலாமே என்று உறவினர்கள் குறைகூறுகிறார்கள்.

பதில்: இந்தக் கடிதத்துக்குத்தான் விரிவாகப் பதில் சொல்ல விரும்புகிறேன், சிறுநீர்வழி செப்சிஸில் உயிரைக் காப்பதும் இழப்பதும் பல சமயங்களில் இந்த ஒரு முடிவில்தான் இருக்கிறது.

கல் குழாயை அடைத்துவிட்டால், அதற்கு மேலே சிறுநீர் தேங்கிச் சிறுநீரகம் வீங்குகிறது. அந்தத் தேக்கத்தில் கிருமி புகுந்தால், சிறுநீரகமே சீழ் நிறைந்த பையாகிறது. உள்ளே அழுத்தம் கூடியிருப்பதால் அந்தச் சிறுநீரகத்தில் ரத்தம் வடிகட்டப்படுவது குறைகிறது; வடிகட்டுதல் குறைந்தால் ஆன்டிபயாடிக்கும் தேங்கிய சிறுநீருக்குள் போதிய அளவு இறங்காது. அதே அழுத்தம் கிருமிகளைப் பின்னோக்கி ரத்த நாளங்களுக்குள் தள்ளவும் செய்கிறது. சீழ்க்கட்டியைக் கீறிவிடாமல் மாத்திரையால் மட்டும் ஆற்ற முடியாது என்ற பழைய அறுவை விதி இங்கும் பொருந்தும். ஆகவே முதல் வேலை, அடைப்பைத் தாண்டி ஒரு வழி திறப்பது. சிறுநீர்ப்பை வழியாக உள்நோக்கிக் கருவியைச் செலுத்தி டி.ஜே. ஸ்டென்ட் என்ற மெல்லிய குழாயை வைக்கலாம். அல்லது ஸ்கேன் உதவியுடன் முதுகுப்புறமாகச் சிறுநீரகத்துக்குள் நேரடியாக ஒரு குழாயைச் செலுத்தலாம். நோயாளியின் நிலையும், கைவசமுள்ள வசதியும், மருத்துவரின் பயிற்சியும்தான் எது என்பதைத் தீர்மானிக்கும். சீழை வடிப்பதில் இரண்டும் பலன் தருபவையே. குழாய்க்கு வழிகாட்டச் செலுத்தும் மெல்லிய கம்பி அடைப்பைத் தாண்டியதும் கலங்கிய, கெட்டியான சீழ் பீறிட்டு இறங்குவதைக் காணும்போது, மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்று யாருக்கும் விளக்க வேண்டியிராது.

அந்த நேரத்தில் கல்லை உடைக்க முயன்றால், கருவி வழியாகச் செலுத்தும் நீர் உள்ளழுத்தத்தை மேலும் ஏற்றி, கிருமிகளை வெள்ளமாக ரத்தத்துக்குள் அனுப்பிவிடும். தொற்று முற்றிலும் அடங்கியபின், பெரும்பாலும் சில வாரங்கள் கழித்து, கல்லை எடுப்பதுதான் முறை. குறைகூறும் உறவினர்களிடம் அந்த மருத்துவர் பொறுமையாக நடந்துகொண்டதற்கு நன்றி சொல்லச் சொல்லுங்கள்.

இதே கடிதத்தில், ‘சிறுநீர்ப் பரிசோதனை சுத்தமாக இருந்தது, பிறகு எப்படித் தொற்று?’ என்றும் கேட்டிருக்கிறீர்கள். ஒரு பக்கக் குழாய் முழுவதுமாக அடைபட்டிருந்தால், சீழ் மேலேயே சிக்கிக்கொள்ளும். பரிசோதனைக்குக் கொடுக்கும் சிறுநீர் மறுபக்கத்து நல்ல சிறுநீரகத்திலிருந்து வந்ததாகவே இருக்கும். இதனால்தான் செப்சிஸ் ஐயம் உள்ளவர்களுக்குச் சிறுநீர் அறிக்கையை மட்டும் நம்பாமல், தாமதமின்றி அல்ட்ராசவுண்ட் அல்லது சி.டி. ஸ்கேன் எடுக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளின் சிறுநீரகத்தில் கிருமிகளே வாயுவை உண்டாக்கும் கொடிய வகைத் தொற்றும் சி.டி.யில்தான் தெளிவாகத் தெரியும்.

கேள்வி: படுத்த படுக்கையாக இருக்கும் மாமனாருக்குச் சில மாதங்களாகக் கதீட்டர் (சிறுநீர் வடிக்கும் குழாய்) உள்ளது. ஒவ்வொரு முறை பரிசோதிக்கும்போதும் கிருமி இருப்பதாக அறிக்கை வருகிறது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் கொடுக்க வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஒரு மாதத்துக்கு மேல் கதீட்டர் வைத்திருக்கும் ஏறக்குறைய எல்லோருடைய சிறுநீரிலும் கிருமி இருக்கும். அவருக்குக் காய்ச்சல், நடுக்கம், புதிதாகத் தோன்றிய குழப்பம், அடிவயிற்று வலி, ரத்த அழுத்த வீழ்ச்சி போன்ற எதுவும் இல்லாதபோது அந்தக் கிருமியை விரட்ட மருந்து கொடுத்தால், சில நாட்களில் மருந்துக்கு அடங்காத வேறொரு கிருமி அந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சிறுநீர் கலங்கியிருப்பதோ நாற்றமடிப்பதோ மட்டும் தொற்றுக்குச் சான்றாகாது. அறிகுறி இல்லாதபோது பரிசோதனையே செய்யாமல் இருப்பது நல்லது. கர்ப்பிணிகளும், சிறுநீர்ப்பாதையில் ரத்தக் கசிவு ஏற்படக்கூடிய அறுவை சிகிச்சைக்குச் செல்பவர்களும் இதற்கு முக்கிய விதிவிலக்கு.

அறிகுறி தோன்றினால், இரண்டு வாரத்துக்கு மேல் உள்ளே இருந்த பழைய கதீட்டரை மாற்றிவிட்டு, புதியதிலிருந்து சிறுநீர் எடுத்துக் கல்ச்சருக்கு அனுப்பச் சொல்லுங்கள். பழைய குழாயின் உட்சுவரில் படிந்த கிருமிப் படலத்தின் அறிக்கையை வைத்து மருந்து கொடுப்பதில் பொருளில்லை. பையை எப்போதும் சிறுநீர்ப்பையைவிடத் தாழ்வாகத் தொங்கவிடுங்கள், தரையில் படவிடாதீர்கள். கதீட்டர் இன்னும் தேவைதானா என்று மருத்துவரிடம் கேட்டுக்கொண்டே இருங்கள்.

கேள்வி: சென்ற முறை எழுதிக்கொடுத்த நைட்ரோஃபுரான்டாயின் மாத்திரை மீதமிருக்கிறது. இப்போது காய்ச்சலும் முதுகுவலியும் உள்ளன. அதையே தொடரலாமா?

பதில்: கூடாது. அந்த மாத்திரை சிறுநீரில்தான் செறிவாகச் சேரும். சிறுநீரகத் திசுவிலும் ரத்தத்திலும் போதிய அளவு நிற்காது. ஒரே வேளை குடிக்கும் ஃபாஸ்ஃபோமைசின் தூளும் அப்படித்தான். காய்ச்சலும் முதுகுவலியும் வந்துவிட்ட தொற்றுக்கு இவை உதவாது. கடுப்பை மட்டும் குறைத்து, நோய் சரியாகிவருவதாக உங்களை நம்பவைத்துவிடும். இன்றே மருத்துவரைப் பாருங்கள். கடந்த 3 மாதங்களில் சாப்பிட்ட ஆன்டிபயாடிக்குகளின் அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள்.

கேள்வி: ஏழு மாதக் கர்ப்பிணி நான். வலப்பக்க முதுகில் வலியும் காய்ச்சலும் வந்து மருத்துவமனையில் சேர்த்துவிட்டார்கள். மாத்திரையாகத் தந்திருக்கக் கூடாதா?

பதில்: கர்ப்ப காலத்தில் ஹார்மோன் மாற்றத்தால் சிறுநீரகக் குழாய்கள் தளர்கின்றன, வளரும் கருப்பையும் அவற்றை, குறிப்பாக வலப்பக்கக் குழாயை, அழுத்துகிறது. அதனால் சிறுநீரகத் தொற்று எளிதில் வரும். குறைப்பிரசவத்துக்கும் அது வழிவகுக்கலாம். கர்ப்பத்தில் இயல்பாகவே நாடி வேகமும் வெள்ளணுக்களின் எண்ணிக்கையும் கூடியிருப்பதால், செப்சிஸின் தொடக்கத்தைப் பிரித்தறிவதும் கடினம். ஊசி மருந்தோடு சில நாள் கண்காணிப்பில் வைத்தது சரியே.

கேள்வி: செப்சிஸிலிருந்து மீண்டு வீடு திரும்பிவிட்டேன். ஆன்டிபயாடிக் ஒரு வாரத்தோடு நிறுத்தப்பட்டது, அது போதுமா? நடந்தால் கால் தள்ளாடுகிறது, படித்தது மறக்கிறது. நிறுத்திவைத்த மாத்திரைகளை மீண்டும் தொடங்கலாமா? உள்ளே ஸ்டென்ட் வேறு இருக்கிறது.

பதில்: அடைப்பு நீங்கி, உடல் நன்றாகத் தேறிவரும் பலருக்கு 7 நாள் மருந்தே போதுமானது என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. சீழ்க்கட்டியோ, புராஸ்டேட் தொற்றோ இருந்தால் மட்டும் நீளும். தள்ளாட்டமும் மறதியும் தூக்கக் குறைவும் இந்நோய்க்குப் பின் வாரக்கணக்கிலோ மாதக்கணக்கிலோ நீடிக்கக்கூடியவை. இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொட்டுவதும் உண்டு, அது மீண்டும் வளரும். தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடையைக் கூட்டுங்கள்.

மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் போன்ற சர்க்கரை மாத்திரைகளும் ரத்த அழுத்த மாத்திரைகளும் செப்சிஸின்போது ரத்தத்தில் அமிலத்தைக் கூட்டவோ, அழுத்தத்தை மேலும் இறக்கவோ, சிறுநீரகத்தைப் பாதிக்கவோ கூடும் என்பதால் நிறுத்தப்படுகின்றன. சிறுநீரகத்தின் செயல்பாட்டைக் காட்டும் கிரியேட்டினின் அளவைப் பரிசோதித்தபின் எதை எப்போது தொடங்குவது என்று மருத்துவர் சொல்லட்டும். இன்சுலினை மட்டும் நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். முதல் 3 மாதங்களில் தொற்று திரும்பும் வாய்ப்பு அதிகம். காய்ச்சலோ நடுக்கமோ வந்தால் ஏற்கெனவே செப்சிஸ் வந்ததைச் சொல்லி உடனே காட்டுங்கள்.

ஸ்டென்ட்டைப் பற்றிச் சொல்வதென்றால், அது தற்காலிகமானது. வலி போனதும் பலர் அதை மறந்துவிடுகிறார்கள். மாதங்கள் கடந்தால் அதன்மேலேயே உப்பு படிந்து கல்லாகி, எடுக்கவே தனி அறுவை சிகிச்சை தேவைப்படும். மீண்டும் அடைப்பும் தொற்றும் வரும். உங்கள் டிஸ்சார்ஜ் அறிக்கையில் ஸ்டென்ட் வைத்த தேதியும் எடுக்க வேண்டிய தேதியும் எழுதப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். இல்லையென்றால் இந்த வாரமே மருத்துவமனையைத் தொடர்புகொண்டு தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.